செம்பு ஏற்றிய துணி

திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியின் நானோ ஆய்வகத்தில் சண்முகப்பிரியா உதவியாளர். கொரோனா வந்த ஆண்டின் கடைசியில், கிருமியைக் கொல்லும் முகக்கவசத் துணி செய்கிற வேலை அங்கே தொடங்கியது. தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கே இருக்கும் செம்புத் துகள்களைத் துணியில் ஏற்றி உலர்த்துவது அவள் பொறுப்பு.

கணவன் வேலுமணி போர்வெல் லாரியில் டிரில்லர். அடுத்த மார்ச்சில் கிணறு தோண்ட மத்தியப் பிரதேசத்துக்குக் கிளம்பும்போது கேட்டான்.

"அந்தத் துணியில எனக்கொண்ணு தெச்சுக் குடு புள்ள. லாரியில பத்துப் பேரு நெருங்கிக் கெடக்கறோம்."

"இன்னும் சோதனை முடியலீங்க மாமா. துகள் உதுந்து நெஞ்சுக்குள்ள போச்சுன்னா என்னாகும்னு தெரியாதுங்க."

"பாறைப் புழுதியவே முழுங்கறவன் நானு. செம்பு என்ன பண்ணிப்போடும்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். மாமியார் சென்னியம்மாளும் பக்கத்தில் நின்றாள். பிரியா மறுத்துவிட்டு, கடையில் விற்கும் கவசங்களை வாங்கிப் பையில் வைத்தாள்.

மே முதல் வாரம் காய்ச்சலோடு திரும்பினான். சேலத்தில் நான்காவது ஆஸ்பத்திரியில்தான் படுக்கை கிடைத்தது. ஆறாம் நாள் போனில் முகம் காட்டினான். பேச மூச்சில்லை, கையை மட்டும் அசைத்தான். மறுநாள் பிளாஸ்டிக்கில் சுற்றிய உடலைத் தள்ளி நின்று பார்க்க விட்டார்கள். அது அவன்தானா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

காரியம் முடிந்து உறவினர்கள் போனதும் சென்னியம்மாள் கேட்டாள்.

"எம் பையன் வாயுட்டுக் கேட்டானே, ஏஞ்சாமி குடுக்கல?"

அதற்குப்பின் ஒரே வீட்டில் இருவரும் தனித்தனியே சாப்பிட்டார்கள்.

ஆகஸ்டில், துணியைச் சோதிக்க அனுப்பியிருந்த வெளியூர் ஆய்வகத்தின் முடிவு வந்தது. துணியில் பட்ட கிருமி செத்தது உண்மை. ஆனால் ஐந்தாறு முறை துவைத்ததும் துகள்கள் உதிர்ந்தன. ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர் மைதிலிக்கு, வேலுமணி கேட்டதும் அவள் மறுத்ததும் தெரியும். "நீங்க அன்னிக்குக் குடுக்காததுதான் சரி, பிரியா" என்றார்.

சரிதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சாயங்காலம் வீட்டுக்கு வந்து மாமியாரிடம் முடிவைச் சொன்னாள்.

"அப்ப, குடுத்திருந்தா பொழச்சிருப்பானா, மாட்டானா?"

"தெரியலீங்க அத்தை. எந்தச் சோதனையிலயும் அது தெரியாதுங்க."

சென்னியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"உன்னத்தான் நொந்துக்கிட்டேன். வேற யாரப் போயிக் கேக்கறது, சொல்லு?"

அன்றைக்குத்தான் இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

பிரியா வேலையை விடவில்லை. துகளை நூலோடு பிடித்துவைக்க ஆய்வகத்தில் இன்றும் வழி தேடுகிறார்கள். ஒவ்வொரு துணியையும் இருபது முறை துவைத்து, அந்தத் தண்ணீரைச் சோதிக்கிறாள். இதுவரை எல்லாத் தண்ணீரிலும் செம்பு இருந்தது.