யாரும் கேட்காத கேள்வி

அப்பாவின் ஒரே தங்கையான அத்தை, விழுப்புரத்தில் எங்களோடுதான் இருந்தார். நெல் அவிக்கும்போது முந்தானையில் தீப் பற்றி இடது கன்னமும் கழுத்தும் வெந்துபோயின. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது அது. புண் ஆறியது, ஆறும்போதே தோலை இழுத்துக்கொண்டது. வாய் ஒரு பக்கம் கோணியது, இடது கண் முழுசாக மூடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வருவதற்குள் அம்மா நிலைக்கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். வீட்டில் எல்லாரும் அத்தையிடம் மிகவும் அன்பாக இருந்தார்கள். முகத்தைப் பார்த்துப் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

மருந்து கட்டப் போகும் இடத்தில் ஒரு நர்சம்மா இருந்தார். அத்தையை நேராகப் பார்த்துப் பேசிய பெரியவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

"ஊட்டுக்குள்ளயே பூந்துக்கினு கெடந்தா ஆவாதும்மா. நாலு பேரு கண்ணுல படு. என்னா ஆச்சின்னு கேப்பாங்க. தலைய குனியாத, பட்டுனு பதில் சொல்லு" என்றவர், பதிலையும் தானே சொல்லிக்கொடுத்தார். "நெருப்பு பட்டுச்சி. ஆறிடுச்சி. இப்ப நல்லா இருக்கேன்."

இதை வீட்டில் ஒத்திகை பார்க்க அத்தைக்குக் கிடைத்த ஆள் நான். பாவாடைமேல் அம்மாவின் பழம்புடவையைச் சுற்றிக்கொண்டு, வழியில் வரும் பெரிய மனுஷியாக நடந்துவந்து, "என்னா ஆச்சி ஒனக்கு?" என்று கேட்க வேண்டும். முதலில் அத்தை பாதியிலேயே நிறுத்திவிடுவார். போகப்போக, வாய் கோணினாலும் சொல் தடுமாறாமல் சொல்லப் பழகிவிட்டார். எனக்கு அதைவிட நல்ல விளையாட்டு வேறு இல்லை.

சித்தப்பாவுக்குத் திண்டிவனத்தில் பெண் எடுத்தார்கள். கல்யாணமும் அங்கேதான். தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டதும் மற்ற இரண்டையும் போடுவது அவருடன் பிறந்தவளின் உரிமை. "நீதான் வந்து முடிச்சு போடணும், ஆமா" என்று சித்தப்பாவே சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து அத்தை என்னைத் தானே தேடிவந்து விளையாடக் கூப்பிட்டார்.

முகூர்த்தத்தன்று அரக்குச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு மணவறைக்குப் பின்னால் போய் நின்றார். பந்தலில் பேச்சு தணிந்தது. யாராவது கேட்பார்கள் என்று அத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் பார்க்கப் பார்க்க முகங்கள் திரும்பிக்கொண்டன. மாசமாயிருந்த மருமகளின் கண்களை ஒரு மாமியார் கையால் பொத்தினார். பெண்ணின் தாயார் அப்பாவைத் தனியே அழைத்து என்னவோ சொன்னார். அப்பா வந்து அத்தையின் காதருகே குனிந்தார்.

"நீ போயி அப்பிடி ஒக்காரும்மா. பெரியம்மா பொண்ணு போடட்டும். நல்ல நாளும் அதுவுமா எதுக்குப் பேஜாரு?"

மணையில் இருந்த சித்தப்பாவுக்கு அது கேட்டிருக்கும். அவர் ஓமப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை ஒரு கம்பத்தோரம் போய் நின்றார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பாடம் மறந்து தவிக்கிறார் என்று எனக்குப் பட்டது. எடுத்துக்கொடுத்து உதவ நினைத்து, அவர் எதிரே போய் நின்று, பந்தல் முழுக்கக் கேட்கும்படி, "என்னா ஆச்சி ஒனக்கு?" என்றேன்.

அத்தை தலை குனியவில்லை. "நெருப்பு பட்டுச்சி" என்றார். "ஆறிடுச்சி" என்றார். அடுத்ததற்கு வாய் திறந்தபோது கெட்டிமேளம் கொட்டியது. அவர் அதைச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன்பின் அத்தை வெளியே போகவில்லை. நர்சம்மாவிடம் கூட்டிப்போக அப்பா கொஞ்ச நாள் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு, புண்தான் ஆறிவிட்டதே என்று விட்டுவிட்டார். பின்கட்டு அறையில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டும் அரிசி புடைத்துக்கொண்டும் இருந்து, தலை நரைத்து, அந்த அறையிலேயே அத்தை செத்துப்போனார்.

கல்யாணத்தன்று சாயங்காலம் ரயிலில் ஊர் திரும்பினோம். போகும்போது ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்த அத்தை, இப்போது தானே போய் உட்கார்ந்துகொண்டார். இடது கன்னத்தைக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு வந்தார். நான் இருந்த பக்கத்திலிருந்து பார்த்தால் நெருப்புப் படாத பழைய அத்தை. கண் மூடியிருந்தது. தூங்குகிறவருக்கு ஜன்னலோரம் எதற்கு என்று எனக்கு விளங்கவே இல்லை. எனக்குத்தான் வேண்டும் என்று விழுப்புரம் வரும்வரை அவர் கையைப் பிடித்து இழுத்து அழுதுகொண்டே வந்தேன்.