காய்ச்சல் இல்லாத தங்கை

என் தங்கையைப் போல் நோஞ்சான் குழந்தை எங்கள் கிள்ளான் ஊரிலேயே கிடையாது என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். தடுப்பூசி போடும் நாள் நெருங்கினால் போதும், அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். கிளினிக்கிலிருந்து கைபேசியில் கூப்பிடுவார்கள். குழந்தை மடியில் குதித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா குரலை இறக்கி, "டெமாம் லா மிஸ்ஸி, டெமாம்" என்று தாதியிடம் மலாயில் சொல்வாள். டெமாம் என்றால் காய்ச்சல். யார் கேட்டாலும் அதையே சொல்ல வேண்டும் என்பது எட்டு வயதான எனக்கும் பாடமாகியிருந்தது.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் இருந்தான். சாமி மேடைக்குப் பக்கத்தில் மாலை போட்ட படமாகத்தான் அவனை எனக்குத் தெரியும். கைக்குழந்தையாக இருந்தபோது, தடுப்பூசி போட்டு வந்த மறுநாள் காய்ச்சலும் வலிப்புமாக இறந்துபோனான். அது மூளைக்காய்ச்சல், ஊசியால் வந்ததல்ல என்று ஆஸ்பத்திரியில் சொல்லிப் பார்த்தார்களாம். அம்மாவின் காதில் ஏறவில்லை. எனக்கு ஊசி போடும் நாட்களில் அப்பா சண்டை போட்டு என்னைத் தூக்கிக்கொண்டு போனாராம். தங்கை பிறந்த சமயம் அவர் ஜொகூருக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். சண்டை போட வீட்டில் ஆள் இல்லை.

ஊசி என்றாலே நடுங்குகிற அம்மா, காது குத்துவதற்கு மட்டும் நல்ல நாள் பார்த்தாள். வழக்கப்படி தாய்மாமன் மடியில் தங்கையை உட்கார வைத்து ஆசாரி குத்தினார். வீறிட்டாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவ்வளவுதான். மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். காதுல ரெண்டு குத்து குத்தலாம், கையில ஒண்ணு குத்தக் கூடாதா?" என்றார். அம்மா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

சில நாட்களில் தங்கையின் வலது காது வீங்கிச் சிவந்தது. தோட்டின் திருகு தோலுக்குள் புதைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, கிளினிக் இல்லை. மாமா எங்களைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார். என்னை விட்டுவிட்டுப் போக வீட்டில் யாரும் இல்லாததால் நானும் போனேன்.

டாக்டர் இளம் வயதுக்காரர், தமிழ்ப் பெண். மரத்துப்போக மருந்து கொடுத்துத் திருகை எடுத்தார். சற்று நேரத்தில் தங்கை அழுகையை மறந்து அவருடைய பேனாவைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள். டாக்டர் அதைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"அக்கா, பாப்பாவுக்குத் தடுப்பூசியெல்லாம் போட்டாச்சா?"

அம்மா தங்கையின் சட்டையை இழுத்துவிட்டாள். மாமா கூரையைப் பார்த்தார். இவ்வளவு சுலபமான கேள்விக்கு ஏன் திணறுகிறார்கள் என்று எனக்கு ஆச்சரியம்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல், டாக்டர்" என்றேன்.

அவர் தங்கையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் இல்லையே, கண்ணு. வந்ததுமே பார்த்தோமே. நல்லா இருக்கா." அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். "தட்டம்மையோட பிள்ளைங்க வந்துக்கிட்டே இருக்காங்க, அக்கா. உள்ள ஒரு பையன் மூச்சு விடவே கஷ்டப்படறான். இவளை இப்படியே அனுப்ப எனக்கு மனசு வரல. இன்னைக்கு இங்கேயே போட்டுடலாமே?"

"என் மூத்த பையன் ஊசி போட்டுத்தான் செத்தான்" என்றாள் அம்மா.

"அது மூளைக்காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க, டாக்டர்..." என்று மாமா வாயெடுத்தார். டாக்டர் அவரைக் கையமர்த்திவிட்டு அம்மாவிடம் கேட்டார். "ஊசி போடறதுக்கு முன்னாடி எப்படி இருந்தான், அக்கா?"

வீட்டில் யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. அம்மா தங்கையின் காலை நீவிக்கொண்டே சொன்னாள்.

"ஊசிக்கு முதல் நாளே பால் குடிக்கல. சிணுங்கிக்கிட்டே கிடந்தான். பல்லு முளைக்குதுன்னு நெனச்சேன். கிளினிக்ல மிஸ்ஸி கேட்டாங்க. நல்லா இருக்கான்னுதான் சொன்னேன்."

"இத்தனை வருஷத்துல இதை நீ சொன்னதே இல்லையேம்மா" என்றார் மாமா. அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"அந்த வயசுப் பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் வந்தா எங்களுக்கே சட்டுன்னு தெரியாது, அக்கா. உங்க மேல தப்பில்ல" என்று டாக்டர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை. சற்றுப் பொறுத்து, "போடுங்க" என்றாள்.

மாமா கையை நீட்டினார். "குடும்மா. காது குத்த என் மடிதானே? இதுக்கும் நானே வச்சுக்கிறேன்."

"வேணாண்ணே. எங்கிட்டயே இருக்கட்டும்."

இந்த முறை அம்மா முகத்தைத் திருப்பவில்லை. ஊசி இறங்கி வெளியே வரும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். தங்கை ஒரு மூச்சு அழுது ஓய்ந்தாள். விட்டுப்போன மற்ற ஊசிகளுக்குக் கிளினிக்குக்கு எப்போது போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார் டாக்டர்.

வெளியே நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும் அம்மா அழத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அழுகை. தங்கையோ ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பிய்க்கப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. "அம்மா, பாப்பாவுக்கு வலிக்கலம்மா. பாருங்க, சிரிக்கிறா" என்று தங்கையின் முகத்தை அவள் பக்கம் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அம்மா தலையாட்டினாள், இன்னும் அழுதாள்.

ஊசியின் மேல் பழி போட முடிந்த வரையில், தன் மேல் தப்பில்லை என்ற ஓர் ஆறுதல் அம்மாவுக்கு இருந்தது. தங்கைக்காக அன்று அதையும் விட்டுக்கொடுத்திருந்தாள். இறந்த பிள்ளைக்காக அழுதவளிடம், உயிரோடு இருக்கிற பிள்ளை சிரிப்பதை நான் காட்டிக்கொண்டே இருந்தேன்.