கார்த்திகைத் தாளில் ஓமவல்லி

சிவகாசியில் தினசரி காலண்டர் அடிக்கும் அச்சகம் ஒன்றில் நான் கம்ப்யூட்டரில் டைப் செய்கிறவள். ராகு காலம், எமகண்டம், ராசி பலன் எல்லாம் வேறு ஆள் எழுதிக் கொடுத்துவிடுவார். தாளின் பின்பக்கத்து மருத்துவக் குறிப்பு மட்டும் என் பொறுப்பு. நான் வைத்தியம் படித்தவள் இல்லை. பழைய காலண்டர், வாட்ஸப்பில் வந்தது, பஸ்ஸில் காதில் விழுந்தது என்று அங்கேயும் இங்கேயும் பொறுக்கித்தான் போடுவேன். ஆனாலும் சொந்தக்காரர்களுக்கு நான் டாக்டரம்மா. கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள். எனக்கு அது பிடித்துப்போனது. கல்யாணப் பந்தியில் யாராவது இருமினால் போதும், கேட்காமலே ஓமவல்லி சொல்லுவேன்.

ஓமவல்லி சொன்னதில் தப்பில்லை. கற்பூரவல்லி என்றும் சொல்லுவார்கள். எங்கள் பக்கம் தொட்டியில் ஒரு கொத்தாவது வைத்திருப்பார்கள். மழை நாளில் பஜ்ஜி போடலாம், ரசத்தில் இரண்டு இலை கிள்ளிப் போடலாம். தொண்டை கட்டினால் இலையைச் சட்டியில் வாட்டிப் பிழிந்து, சாற்றைத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள். இதெல்லாம் இலையின் சங்கதி. கடையில் சின்னக் குப்பியில் விற்கிற தைலம் வேறு. இலைதானே என்று அதைத் தொடக் கூடாது, அத்தனை காரம். அந்த வித்தியாசத்தில்தான் நான் விழுந்தேன்.

இந்த வருஷக் காலண்டரில், கார்த்திகை மாதத் தாள் ஒன்றின் பின்னால் இப்படி இருக்கிறது: குழந்தைகளுக்குச் சளி பிடித்தால் ஓமவல்லித் தைலத்தை நெஞ்சிலும் மூக்கடியிலும் தடவ, மூச்சு எளிதாகும். நான் முதலில் டைப் செய்தது இதைவிட நீளம். தேங்காய் எண்ணெயில் ஒரு சொட்டு கலந்து என்று இருந்தது. கைக்குழந்தைக்குக் கூடாது என்றும் இருந்தது. கட்டத்துக்குள் அடங்கவில்லை. ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷக் காலண்டரின் மாதிரி ஆல்பம் வெளியிட்டுவிட்டால் அப்புறம் ஆர்டர் மேல் ஆர்டர், மூச்சு விட நேரம் இருக்காது. இரண்டையும் வெட்டினேன். அழகாக உட்கார்ந்துவிட்டது என்று சந்தோஷம் வேறு.

ஐப்பசி மழை பிடித்ததும் எனக்கே சளி பிடித்தது. சாத்தூரில் ஒரு கடையில் தைலக் குப்பி வாங்கி வந்து, நான் எழுதின மாதிரியே நெஞ்சில் தடவினேன். மிளகாயை அரைத்து அப்பினதுபோல எரிந்தது. தோல் சிவந்து தடித்துவிட்டது. அதன்பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குப்பியின் பொடி எழுத்தைப் படித்தேன். கலக்காமல் தடவக் கூடாது, கைக்குழந்தைகளுக்கு ஆகாது. எங்கேயோ படித்திருக்கிறோமே என்று தோன்றியது. நானே டைப் செய்து நானே வெட்டினதுதான்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் டீ டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை. "காலண்டரெல்லாம் எப்பவோ ஊர் ஊரா ஆணியில ஏறியாச்சுக்கா. பின்பக்கத்த எவன் படிக்கான்? விடுங்க." இத்தனை வருஷமாக நான் எழுதுவதை எவனும் படிக்கவில்லை என்பது ஒரு பக்கம் சுட்டது. எவனாவது படித்துவிடுவானோ என்பது இன்னொரு பக்கம் சுட்டது. கார்த்திகை பிறக்க அதிக நாள் இல்லை.

சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் ஒரு வரி போட்டிருக்கலாம். அடித்தேன், அழித்தேன். டாக்டரம்மா தன் வாயாலே தான் எழுதினது தப்பு என்று சொல்வதா? வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்லத்தான் துணிச்சல் இல்லை, திருட்டுத்தனத்துக்கு இருந்தது. நானே காலண்டர் கொடுத்திருந்த சொந்தக்காரர் வீட்டிலெல்லாம், ஆள் அந்தப் பக்கம் திரும்பியதும் காலண்டரைத் தூக்கி அந்த ஒரு தாளை உருவிவிட ஆரம்பித்தேன். எங்கள் ஆட்களிடையே வராத நாளை யாரும் கிழிக்க மாட்டார்கள். அன்றன்றைத் தாளைக்கூட விடிந்து முகம் கழுவிய பிறகுதான் கிழிப்பார்கள். ஆயுசைக் கிழிக்கிற மாதிரி என்பார்கள். தெரிந்தேதான் செய்தேன்.

ஆமத்தூரில் தம்பி வீடு. அவன் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறான், நாள்பட்ட மூச்சிளைப்புக்காரன். அவன் மகள் பிரசவத்துக்கு வந்து, பச்சைப் பிள்ளையோடு அங்கேதான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனேன். தீபாவளி நெருக்கம், தம்பி லோடு ஏற்றப் போயிருந்தான். "வாங்க மதினி, சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டுத் தம்பி பெண்டாட்டி அடுப்படிக்குப் போனாள். மகள் சுவரைப் பார்த்துப் படுத்துப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் காலண்டரில் கை வைத்தேன். அவசரத்தில் தாள் பாதி கிழிந்து, சத்தம் கேட்டுவிட்டது.

காபியோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்ன செய்றீக மதினி? வராத நாளக் கிழிக்கீக?"

மகள் எழுந்து உட்கார்ந்து பிள்ளையை மாரோடு சேர்த்துக்கொண்டாள். என்னிடமிருந்து காப்பாற்றுகிற மாதிரி. அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கியவள் நான். நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது.

பல்லி ஓடினது, அடித்தேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். வாய் வரைக்கும் வந்தது. அந்நேரம் பிள்ளை மூக்கடைத்துக் கர்புர்ரென்று இழுத்தது. கிழிந்த தாளின் மிச்சம் பின்பக்கம் தெரியப் புரண்டு காலண்டரிலேயே தொங்கியது. தடவ, மூச்சு எளிதாகும் என்ற இடம் கிழியாமல் இருந்தது.

சொல்லிவிட்டேன். தைலம் பிள்ளைக்கு ஆகாது, அதில் இருப்பது தப்பு, இடம் பத்தாமல் நான்தான் வெட்டினேன், வெட்கப்பட்டுக்கொண்டு திருடி மாதிரி கிழிக்க வந்தேன். தம்பி பெண்டாட்டி காபியைக் கீழே வைத்தாள். வைவாள் என்று நினைத்தேன், வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மிச்சத் தாளையும் தானே கிழித்து, கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மதினி, போன வருசக் காலண்டர்ல இளைப்புக்கு ஓமவல்லி எலையில கசாயம் போட்டிருந்தீகள்ல. ஒங்க தம்பிக்கு அதத்தான் குடுக்கேன். அக்கா எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு, ஆஸ்பத்திரியில குடுத்த, வாயில வச்சு இழுக்குற பம்ப ஓரமா வச்சிட்டாக."

தாளை என் பக்கம் நீட்டினாள்.

"அது முழுசா எழுதுனதா மதினி, இல்ல அதுவும் வெட்டுனதா?"

யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஞாபகம் இல்லை.