தனசேகர் எழுதாத வருஷம்

செவ்வாய்க்கிழமை காலை தனசேகரின் மகள் பெங்களூருக்குப் போன் செய்தாள். "சித்தப்பா, நைனா போயிட்டாரு. காபி குடிச்சிக்கினே இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு" என்றாள். மதியத்துக்குள் பங்காருபாளையம் போய்ச் சேர்ந்தேன். வாசலில் பட்டாம்பூச்சி எண்ணும் நம் குழுவினர் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் என் தோளைத் தொட்டு, "தங்கமான மனுஷன். அந்த ஒரு வருஷம் கணக்கைக் கோட்டை விட்டதுதான் குறை" என்றார். துக்க வீட்டில் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அங்கே சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறியாத புதியவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தனசேகர் மின்சார ஆபீசில் மீட்டர் ரீடிங் எடுப்பவர். என்னைவிட மூன்று வயது பெரியவர். நான் அண்ணா என்பேன். மா பூக்கும் மாசி மாதத்தில், ஞாயிறுதோறும் எட்டிலிருந்து ஒன்பது மணிவரை, நாங்கள் இருவரும் பட்டாம்பூச்சி எண்ணினோம். அவருக்குப் பங்காருபாளையத்து ஓடைக்கரை, எனக்குத் திருப்பதி அலிபிரி மலையடிவாரம். மெதுவாக நடந்து, பக்கத்துக்கு ஐந்தடிக்குள் தெரிகிறதை மட்டும் எண்ண வேண்டும். இரண்டு இடத்தையும் ஒப்பிடத்தான் இந்தக் கணக்கு. அதனால் ஓரிடத்தில் ஆள் நடக்காவிட்டால் மற்ற இடத்தின் கணக்கும் செல்லாது. இந்த விதியைப் போட்டவரே அவர்தான்.

ஓடைக்கரையில் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மீட்டர்காரர் நோட்டும் கையுமாக மாந்தோப்புக்குள் வருவதைப் பார்த்தால் விவசாயிகள் சும்மா இருப்பார்களா? பம்புசெட்டுக்குத் திருட்டுக் கரண்ட் எடுக்கக் கம்பியில் போட்ட கொக்கியைப் பிடுங்க ஓடுவார்கள். ஒருமுறை ஒருவர் மாமரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். "யோவ், நான் பூச்சி எண்ண வந்தேன்யா, எறங்கு! நீ ஓடுன ஓட்டத்துல எல்லாம் பறந்து போச்சு" என்று இவர் கீழே நின்று கத்தினாராம். அந்த ஞாயிறு ஓடைக்கரைக் கணக்கு பூஜ்யம். பூஜ்யம் என்றே எழுதினார். "ஓடுன மீட்டரா இருந்தாலும் நின்ன மீட்டரா இருந்தாலும், அது காட்டறதத்தான்பா எழுதணும். போன மாசத்தப் பாத்து எழுதுனா அது ரீடிங் இல்ல, நம்ம ஆசை" என்பார்.

தொண்ணூறுகளின் பாதியில், ஊரே பெங்களூருக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்தபோது, நானும் திருப்பதி மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் சேர்ந்தேன். "மாசி ஞாயிறுக்கு வந்துடுவேன் அண்ணா" என்று வாக்குக் கொடுத்தேன். முதல் ஞாயிறு வந்தேன். அடுத்த மூன்று ஞாயிறும் வரவில்லை. வேலை, அசதி, என்னென்னவோ. ஆனால் கணக்கு அனுப்பினேன்! போன வருஷத்துத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, இங்கே நாலு குறைத்து, அங்கே ஆறு கூட்டி, அறையில் உட்கார்ந்தே மலையடிவாரத்தை எண்ணி முடித்தேன். எத்தனை வருஷம் நடந்த இடம், எனக்குத் தெரியாதா என்ற திமிர்.

மூன்றாம் ஞாயிறு அவர் மனைவி திருமலைக்கு நடந்து போக அலிபிரி வந்திருக்கிறார். எனக்கென்று இட்லி கட்டிக் கொடுத்தனுப்பியிருக்கிறார் அண்ணா. நான் வழக்கமாக எண்ணத் தொடங்கும் இடத்தில் அந்த அம்மா ஏழரையிலிருந்து பத்து மணிவரை பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்துவிட்டு, "தம்பி வரவே இல்ல" என்று ஊருக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். அந்த வாரமே என் கடிதம் அண்ணா கைக்குப் போனது. அதே ஞாயிறு, எட்டு முதல் ஒன்பது வரை, எண்பத்தேழு பட்டாம்பூச்சி.

பங்குனியில் சித்தூரில் குழு கூடியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எல்லோரும் கணக்கை வாசித்தார்கள். தனசேகர் எழுந்து, "எங்க கணக்கு இந்த வருஷம் இல்ல. என்னால ஆகல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். "மீட்டர்காரரே தூங்கிட்டாரா!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தோம். ஆமாம், நானும் சிரித்தேன். அடுத்த நொடியே, என் பொய்க்கணக்கு அவருக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்டேன். "ஏன் அண்ணா உங்க மேல போட்டுக்கினீங்க?"

"வேற இன்னா சொல்றது? இவன் பொய் எழுதுனான்னு சொன்னா நீ அப்புறம் இந்தப் பக்கம் வருவியா?"

"உங்க ஓடைக்கரைக் கணக்கு?"

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "கடைசி ஞாயிறு ஈரமண்ணுல நீலவரியன் பூச்சி கூட்டமா எறங்கிச்சுப்பா. கால் வெக்க எடமில்ல. அப்படி நான் பாத்ததே இல்ல." அப்புறம், "போவுது. அடுத்த மாசி வராமலா போயிடும்? உன்னால வர முடியலன்னா வரலன்னு எழுது. அவ்ளோதான்" என்றார்.

அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என்னை ஒரு தடவைகூடக் குத்தலாகப் பார்த்ததில்லை. நானும் இத்தனை வருஷம் உங்களிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த கூட்டத்தில் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளியே அவரை அனுப்பிவிட்டேன். அவர் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டியதை இப்போது அவர் இல்லாத இடத்தில் சொல்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

வராத நாளை வரவில்லை என்று எழுதுகிற பழக்கம் ஒன்றைத்தான் அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த மூன்று ஞாயிறுக்கு மட்டும் அதை எழுதாமல் விட்டிருந்தேன். அவரை அறிந்தவர்கள் இனி அவர் பேச்சு வரும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அந்த மாசியில் நான்கு ஞாயிறும் தனசேகர் நடந்தார். நடக்காதவன் நான்.