நான் அடித்துவிட்ட பன்னிரண்டாவது கேள்வி

போன வருஷம் ஆடி மாசம், திண்டிவனத்தில் இருந்து விழுப்புரம் போகிற காலை பாசஞ்சர் ரயிலில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குப் படபடவென்று வருகிறது. அதனால் கொஞ்சம் மூச்சு விடாமல் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் என் வீட்டுக்காரரும் திண்டிவனத்தில் ஒரு சின்ன மெஸ் நடத்துகிறோம். அடுப்படி எனக்கு, பந்தி அவருக்கு. அதற்கு இரண்டு மாசம் முன்னால் எங்கள் மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் ரத்ததான முகாம் வைத்தார்கள். ஊசியைப் பார்த்துப் பாதிப் பேர் பின்வாங்க, நான் மட்டும் வீறாப்பாகப் போய்ப் படுத்தேன். கொஞ்ச நாளில் போன் வந்தது. உங்கள் ரத்தத்தில் ஒரு கிருமி இருக்கிற மாதிரி தெரிகிறது, டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்றார்கள்.

விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மறுபடி டெஸ்ட் எடுத்து, ஹெபடைடிஸ் சி என்று உறுதி செய்தார்கள். கல்லீரலைக் கெடுக்கிற கிருமியாம். எனக்கோ வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, கண்கூட மஞ்சளாகவில்லை. இரண்டாவது மகள் பிறந்தபோது எனக்கு ரத்தம் ஏற்றியிருந்தார்கள். அதில் வந்ததா, வேறு எப்படி வந்தது என்று இத்தனை வருஷம் கழித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பன்னிரண்டு வாரம் தினமும் மாத்திரை, ஒரு நாள்கூட விடக் கூடாது, முடித்தால் குணமாக நிறைய வாய்ப்பு இருக்கிறது என்று பொறுமையாகத்தான் சொன்னார்.

"வேற எதுக்காவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா? சுகர், பிரஷர், இப்படி?"

"இல்லீங்க சார்."

"ஏதாவது சந்தேகம் இருந்தா கேளுங்க."

வாசலில் உட்கார்ந்திருந்தபோது மண்டைக்குள் நூறு கேள்வி ஓடியது. அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒன்றுகூட நிற்கவில்லை. "ஒண்ணும் இல்லீங்க சார்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் நான் பட்ட பாடு! கேட்காமல் வந்த ஒவ்வொரு கேள்விக்கும் நானே ஒரு பதில் வைத்துக்கொண்டேன், எல்லாம் பயங்கரமான பதில்கள். என் கையால் சமைத்தால் சாப்பிடுகிறவர்களுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்து மெஸ்ஸை மூடினேன். கேட்டவர்களிடம் அடுப்பு ரிப்பேர் என்றேன், வீட்டுக்காரரிடம் உடம்பு முடியவில்லை என்று மட்டும் சொன்னேன். எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். பதினெட்டு வயசு சின்ன மகள் தலை பின்னிவிடச் சொல்லி வந்து உட்கார்ந்தால், "நீயே பின்னிக்கோடி" என்று துரத்தினேன். அவள் ஒரு நாள் அழுதுகொண்டே, "நான் இன்னா தப்பு பண்ணேன்மா?" என்று கேட்டாள். அன்றைக்கு ராத்திரி அவளிடமும் வீட்டுக்காரரிடமும் முழுசாகச் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. "அடுத்த தடவை போறப்ப எல்லாத்தையும் எழுதிக்கினு போ. அங்க போனா நீ வாயே தெறக்க மாட்ட" என்றார். அவரும் கூட வருவதாக இருந்தது. ஆனால் மெஸ் மூடிக் கிடந்ததால், வல்லம் பக்கத்தில் அவர் அண்ணன் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைப்புக்குப் போயிருந்தார். அதனால் நான் தனியாகத்தான் ரயில் ஏறினேன், மகளின் பழைய நோட்டில் கிழித்த இரண்டு தாளில் பத்தொன்பது கேள்விகளோடு.

மயிலம் ஸ்டேஷன் வரைக்கும் எழுதுவதும் அடிப்பதுமாகவே இருந்தேன். எதிர் சீட்டில் என் வயசு இருக்கும் ஒரு பெண். அவள் தோளில் சாய்ந்து அவள் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் இடது கையில் நரம்பு புடைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"இன்னாக்கா, ஏறுனதுல இருந்து எழுதுறீங்க, அடிக்கிறீங்க. பரீட்சைக்கா போறீங்க?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முகம் தெரியாத ஆளிடம் சொல்வது சில நேரம் சுலபமாக இருக்கிறது. டாக்டரிடம் கேட்க வேண்டியது, போனால் மறந்துவிடுகிறது என்றேன். தாளை வாங்கிப் படித்தாள்.

"அக்கா, நான் மூணு வருஷமா இவரை டயாலிசிஸ்க்கு இட்டுக்கினு போறேன். நெறைய டாக்டரைப் பாத்துட்டேன். கேள்வி கேட்டா அவங்களுக்குக் கோவம் வராது, கதை சொன்னாத்தான் வரும். நீங்க மொத கேள்வியையே உங்க ரெண்டாவது பொண்ணு பொறந்ததுல இருந்து ஆரம்பிச்சிருக்கீங்க. உங்களுக்கு இன்னா தெரியணும், அதை மட்டும் சொல்லுங்க."

"நான் சமைச்சா மத்தவங்களுக்கு ஒட்டுமானு தெரியணும்."

"அவ்ளோதானே? இதுக்கா ஒரு பக்கம் எழுதினீங்க?" என்று என் பேனாவைப் பிடுங்கி, இரண்டாவது தாளின் பின்பக்கம் ஒரே வரியில் எழுதினாள். வண்டி ஆட்டத்தில் எழுத்து கோணல்மாணலாகப் போனது. பிறகு ஒவ்வொன்றாக, "இது தெரியலேன்னா இன்னிக்கு உங்களுக்குத் தூக்கம் வருமா, வராதா?" என்று கேட்டாள். தூக்கம் வராத கேள்விகளை மட்டும் எழுதினாள். கருவாடு சாப்பிடலாமா என்பதற்கு, "அதை வெளிய இருக்குற நர்ஸம்மாகிட்ட கேட்டுக்கலாம்" என்றாள். வேளாங்கண்ணிக்கு நடந்து போகலாமா என்பதை நானே விட்டுக்கொடுத்தேன்.

விக்கிரவாண்டி தாண்டியிருப்போம். நான் ஏற்கெனவே அடித்திருந்த பன்னிரண்டாவது கேள்வியில் அவள் விரல் நின்றது.

"இது இன்னாத்துக்கு அடிச்சீங்க?"

காலையில் கேஸ் மாத்திரை போட்டுவிட்டு அப்புறம் இந்த மாத்திரையைப் போடலாமா என்று எழுதியிருந்தேன். மெஸ்காரிக்கு நேரத்துக்குச் சாப்பாடு ஏது? நெஞ்செரிச்சலுக்கு வருஷக்கணக்காகக் காலையில் ஒன்று முழுங்குகிறேன். அதை நான் மாத்திரைக் கணக்கிலேயே சேர்த்தது கிடையாது.

"அது சும்மா மெடிக்கல்ல கேட்டாலே குடுக்குறதும்மா. இதையெல்லாம் கேட்டா டாக்டர் சிரிப்பாரு" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. தோளில் தூங்குகிறவரைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"இவரு லோடு தூக்குறவரு. முதுகு வலிக்குதுனு மெடிக்கல்ல வாங்கி வாங்கி முழுங்குனாரு. சும்மா மாத்திரைதானேனு நானும் தண்ணி மொண்டு குடுத்தேங்கா. கிட்னி போனதுக்கு அதுவும் ஒரு காரணம்னு டாக்டர் சொன்னாரு. சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாரு. கேளுங்க."

அந்தக் கேள்வியை மற்ற எழுத்தைவிடப் பெரிசாக எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுத்தாள். முண்டியம்பாக்கம் வந்தது. அடுத்தது விழுப்புரம். அங்கே இறங்குகிற அவசரத்தில் அவரை எழுப்பி, கைத்தாங்கலாகப் பிடித்து, பையைத் தூக்கிக்கொண்டு, "ஜல்தியா போங்கக்கா, கூட்டம் சேந்துடும்" என்றாள். பேர்கூடக் கேட்காமல் ஓடினேன்.

டாக்டர் அறையில் தாளை இரண்டு கையாலும் பிடித்தேன். "சார், ஆறு கேள்வி எழுதிக்கினு வந்திருக்கேன். கேக்கலாமுங்களா?" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்து, "கேளுங்கம்மா" என்றார்.

சமைக்கலாமா? தாராளமாகச் சமைக்கலாம், சாப்பாட்டில், தட்டில், தொடுவதில் இது பரவாது, ரத்தத்தில்தான் பரவும் என்றார். வெங்காயம் நறுக்கும்போது கை வெட்டிக்கொண்டால்? கழுவி, கட்டுப் போட்டு, ரத்தம் பட்டதைத் தூக்கிப் போடுங்கள் என்றார். மகளுக்குத் தலை பின்னலாமா? "ஏம்மா, பின்னாமலா இருந்தீங்க?" என்று அவர் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிளேடு, பல் துலக்குற பிரஷ், நகவெட்டி இதெல்லாம் மட்டும் தனியாக இருக்கட்டும், வீட்டில் எல்லோருக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள் என்றார். ஒவ்வொரு பதிலுக்கும் என் தோளில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது.

கடைசிக் கேள்வி. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இரண்டு கோடும் என்னையே பார்த்தன. கேட்டேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த மாத்திரை? தினமுமா? இந்த ரெண்டு வாரமும் போட்டீங்களா?" ஆமாம் என்றேன். என் பைலைத் திருப்பிப் பார்த்தார். "உங்களுக்கு எழுதியிருக்குற மருந்து உடம்புல சரியா சேரணும்னா வயித்துல அமிலம் வேணும்மா. அந்த மாத்திரை அமிலத்தைக் குறைச்சிடும். மருந்து முழுங்கியும் பாதி வீணாப் போகலாம். இன்னியோட நிறுத்துங்க. நெஞ்சு எரிஞ்சா என்கிட்ட வாங்க, கடையில வாங்காதீங்க."

அவர் அன்றைக்கே கேட்டாரே, நான்தானே இல்லை என்று சொன்னேன்! "ரெண்டு வாரம் வீணாயிடுச்சுங்களா சார்?" என்றேன். "இன்னும் பத்து வாரம் இருக்கு. இப்பவாச்சும் கேட்டீங்களே, நல்ல கேள்வி" என்றார். பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பஸ் ஸ்டாண்டில் நின்று வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். சுற்றி நிற்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "மெஸ் தெறக்கலாமாம்! நாளைக்கே தெறக்கலாமாம்!" அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. வீட்டுக்குப் போனதும் மகளை இழுத்து உட்காரவைத்து, சிக்கெடுத்து, இறுக்கி ரெட்டைப் பின்னல் போட்டுவிட்டேன். வலிக்குது வலிக்குது என்று சிரித்துக்கொண்டே கத்தினாள்.

அதற்கப்புறம் ஒரு நாள் மாத்திரை தவறவில்லை. முதல் வாரம் நெஞ்செரிச்சல் பேஜாராகத்தான் இருந்தது. டாக்டர் சொன்னபடி நேரத்துக்குச் சாப்பிட ஆரம்பித்தேன். பந்தி முடியட்டும் என்று காத்திருந்த காலமெல்லாம் போய், முதல் இட்லி எனக்குத்தான் என்றாகிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்தோம், யாருக்கும் இல்லை. பன்னிரண்டு வாரமும் முடிந்தது. ஆனால் மருந்து முடித்து மூன்று மாசம் கழித்து எடுக்கிற டெஸ்ட்தான் முடிவு சொல்லும் என்றார்கள். அந்த மூன்று மாசமும் என் மனசில் அந்த இரண்டு வாரம்தான் ஓடிக்கொண்டே இருந்தது.

ரிசல்ட் வாங்கப் போன அன்று அவரும் வந்தார். டாக்டர் தாளைப் பிரித்துப் படித்துவிட்டு எங்களைப் பார்த்தார். "கிருமி இல்லம்மா. போயிடுச்சு."

"சேசுவே!" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்களாம். என் வீட்டுக்காரர் டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்குகிறார், குலுக்குகிறார், விடவே இல்லை. அன்றைக்கு மெஸ்ஸுக்கு வந்த எல்லோருக்கும் கேசரி வைத்தோம். எதற்கு என்று கேட்டவர்களிடம் இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன்.

அந்தப் பெண்ணை மட்டும் அப்புறம் பார்க்கவே இல்லை. விழுப்புரம் போகிற நாளெல்லாம் பெட்டி பெட்டியாகத் தேடினேன். அவள் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறாரோ, தெரியவில்லை. தினமும் ஜெபத்தில், பேர் தெரியாத அந்த இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்கிறேன். தன் பாரத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்திலும், எதிர் சீட்டில் இருந்த யாரோ ஒருத்தியின் கோணல் எழுத்தை உட்கார்ந்து படிக்க அவளுக்கு மனசு இருந்ததே, அதை நினைக்கும்போதெல்லாம் என் உடம்பு இன்னும் சிலிர்க்கிறது.