பேச்சிராஜா அண்ணாச்சியின் கேமராவும் முப்பத்தெட்டு மோரிகளும்

எங்கள் கட்டடத்தில் யார் வீட்டில் எது உடைந்தாலும் பேச்சிராஜா அண்ணாச்சியைத்தான் கூப்பிடுவார்கள். அவர் உடைத்ததாக இருந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வயரிங், குழாய், டைல்ஸ், கதவுக் கொண்டி, ஒருமுறை ஐந்தாம் மாடிப் பெரியவரின் பல்செட், எல்லாம் பார்த்திருக்கிறார். பல்செட் மட்டும் சரியாக வரவில்லை என்று அவரே ஒப்புக்கொள்வார்.

மாட்டுங்கா லேபர் கேம்ப் குடிசைகளிலிருந்து இந்த ஏழு மாடிக்கு நாங்கள் வந்து ஆறு வருடம் ஆகிறது. அரசாங்கத் திட்டத்தில் பில்டர் கட்டிக் கொடுத்த வீடு. ஹால் இருந்தது, அடுக்களை இருந்தது, உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொள்ளும் கக்கூஸ்கூட இருந்தது. மோரி இல்லை. மோரி என்பது அடுக்களை மூலையில் சாண் உயரத் தடுப்பு கட்டி, தரையில் உட்கார்ந்து பாத்திரம் கழுவுகிற இடம். பில்டர் அதற்குப் பதிலாக நின்றுகொண்டு கழுவுகிற சிங்க் வைத்திருந்தார். எங்கள் பெண்கள் ஒரு வாரம் நின்று பார்த்தார்கள். நின்றுகொண்டு சட்டி கழுவுவது கழுவுவதே இல்லை என்று முடிவு செய்தார்கள்.

அண்ணாச்சி தன் வீட்டில், 304இல், சிங்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு முதல் மோரியைக் கட்டினார். அவர் மனைவி மாலதி மைனி அதில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்ததை மூன்று மாடிப் பெண்கள் நின்று பார்த்தார்கள். அடுத்த வாரமே வரிசை தொடங்கியது. தரையை உடைக்கக் கூடாது என்பது சொசைட்டி விதி. ஏழாவது மோரி செக்ரட்டரி வீட்டில் கட்டப்பட்டது. மொத்தம் முப்பத்தெட்டு. எங்கள் வீட்டினுடையது இருபத்திரண்டாவது. வெளியாள் யாராவது கேட்டால் கட்டடத்தில் ஒரு மோரியும் கிடையாது.

போன வருடம் தாராவியில் ஒரு தையல் பட்டறையில் வேலை செய்தபோது, யாரோ ஒரு இன்ஜினியர் வெப்பக் கேமராவால் சுவிட்ச் போர்டைப் பார்த்து, "இந்த வயர் எரியப்போகிறது" என்று சொல்லிவிட்டுப் போவதை அண்ணாச்சி பார்த்தார். திறக்காமலே சொன்னது அவர் தன்மானத்தைச் சுட்டது. ஒரு மாதம் கழித்து லாமிங்டன் ரோட்டிலிருந்து கட்டைவிரல் அளவில் ஒன்றை வாங்கி வந்தார். போனில் செருகினால் போதும். சூடானது மஞ்சளாகவும் சிவப்பாகவும், குளிர்ந்தது நீலமாகவும் திரையில் தெரியும். அதை வாங்குவதற்காக ஸ்கூட்டரை விற்றிருந்தார். மைனி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியதைக் கேட்டபோது இரண்டு நாள் மௌனமே தேவலை என்று அவருக்குத் தோன்றியதாம்.

முதல் வாரம் கட்டடமே பயந்தது. துணிக்குள்ளே தெரியும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அண்ணாச்சியைக் கண்டால் கதவுகள் சாத்தப்பட்டன. மைனிதான் நடுவராந்தாவில் நின்று, "முதல்ல என்னயப் பிடிங்க, எல்லாரும் பாக்கட்டும்" என்றார். திரையில் ஒரு மஞ்சள் பூசணிக்காய் தெரிந்தது. அதற்கு நீலத்தில் ஒரு மூக்கு. "இதுக்கா இவ்வளவு பயம்?" என்று பெண்கள் கலைந்து போனார்கள். சிலருக்கு ஏமாற்றம்கூட.

அதற்குப் பிறகு அந்தக் கருவி பார்க்காத வேலை இல்லை. அடுப்பு எரியும்போது சிலிண்டரில் கேஸ் எதுவரை இருக்கிறது என்று காட்டியது. பரணில் எலி எந்த மூலையில் குட்டி போட்டிருக்கிறது என்று காட்டியது. சூடேறிய சுவிட்சுகளை, எரிவதற்கு முன்பே நாலைந்து பட்டறைகளில் காட்டிக் கொடுத்தது. "நாள் முழுக்க வீட்ல தூங்கிட்டு இருந்தேன்" என்று சொன்ன ஒரு கணவரின் பைக் இன்ஜின் மஞ்சளாக ஜொலித்தது. அந்த வீட்டுக்கு அண்ணாச்சி அப்புறம் போகவில்லை.

நான் உள்ளே வந்தது ரிப்போர்ட் எழுத. பி.எஸ்சி. இயற்பியல் முடித்து ஒன்றரை வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலைத் தாண்டிய முதல் ஆள். அகச்சிவப்புக் கதிர்களைப் பற்றி ஐந்து மார்க் கேள்விக்கு நான்கு மார்க் வாங்கியிருக்கிறேன். அதை வைத்து எலி பிடிக்கலாம் என்று பத்தாம் வகுப்பு பெயிலான அண்ணாச்சிதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இது எனக்கு வருத்தமா, நிம்மதியா என்று இன்னும் தெரியவில்லை. படத்தை ஒட்டி, கீழே இங்கிலீஷில் நாலு வரி அடித்துக் கொடுப்பேன். "வாயால சொன்னா காலிபிலி, சும்மாவே சண்டைக்கு வருவான். பேப்பர்ல இங்கிலீஷ்ல வந்துச்சுன்னா படிக்காமலே நம்புவான்" என்பது அண்ணாச்சி கணக்கு. என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. டிகிரி என்றுதான் கூப்பிடுவார்.

இந்த ஜூலையில் 203இல் சேசம்மாள் அக்காவின் அடுக்களைக் கூரை ஒழுகத் தொடங்கியது. சேசம்மாள் அக்கா நாசரேத் பக்கம். குரல் ஏழு மாடிக்கும் பொது.

"ஏ பேச்சிராஜா! ஞானஸ்நானம் ஒரு தடவதானல குடுப்பாவ? எனக்குத் தெனமும் குடுக்காவ! அடுப்பு முன்னால நின்னா உச்சி மண்டையில சொட்டுது!"

நேர் மேலே 303. அதில் மோரி இல்லாததால் சந்தேகம் பாத்ரூம் மேல் விழுந்தது. அங்கே இருப்பது சஃப்ரீன். சயனில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஒன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள். கணவரைப் பற்றி அவர் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. பொய். கேட்டோம், அவர் சொல்லவில்லை. வீடு நெருளுக்குக் குடிபோன மகேஷ்குமாருடையது. வாடகைக்கு விடக் கூடாது என்று விதி இருப்பதால் சொசைட்டிப் பதிவேட்டில் சஃப்ரீன் மகேஷ்குமாரின் தங்கை. எங்கள் கட்டடத்தில் இப்படி ஒன்பது தங்கைகள் இருக்கிறார்கள்.

இரண்டு வருடத்தில் சஃப்ரீனுக்கு இது மூன்றாவது வீடு. தரகர்கள் எவ்வளவு கொடுப்பாய் என்று கேட்பதற்கு முன்னால் பெயரைக் கேட்கிறார்கள். கேட்டதும், "சாவி ஓனர்கிட்ட இருக்கு, அப்புறம் சொல்றேன்" என்கிறார்கள். மகளின் பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் கிடைத்தது இது ஒன்றுதான். சொசைட்டி செக்ரட்டரி உடனே வீட்டு ஓனர் மகேஷ்குமாருக்குப் போன் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங். பாத்ரூம் ஒழுகுகிறது என்று முடிவானால் சஃப்ரீன் காலி செய்ய வேண்டும். உடைத்துப் பூசியதும் வேறொரு தங்கை வருவார்.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகும்போது சாவியை என்னிடம் கொடுத்தார் சஃப்ரீன். "லீவு கேட்டேன், தரமாட்டேங்காங்க. அண்ணாச்சிய நல்லாப் பாக்கச் சொல்லு. நான் சும்மா சொல்லலை, பாத்ரூம் எனக்குத் தெரியும், காஞ்சு கெடக்கு."

அண்ணாச்சியின் சோதனை எளியது. சந்தேகப்படும் இடத்தில் சுடுதண்ணீரைத் தேக்கி வைக்க வேண்டும். அது கசிந்தால் கீழ்வீட்டுக் கூரையில் நீலக் கறைக்குள் மஞ்சள் தெரியும். 303 பாத்ரூம் குழியைத் துணியால் அடைத்து நாலு பக்கெட் சுடுதண்ணீர் ஊற்றிவிட்டுக் கீழே வந்தோம். சேசம்மாள் அக்காவின் அடுக்களையில் இரண்டு ஸ்டூல் போட்டு, போனை மேலே நீட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். கறை நீலமாகவே இருந்தது.

பன்னிரண்டரைக்கு ஒரு மஞ்சள் கோடு வந்தது.

"வந்துட்டு! ஸ்தோத்திரம்!" என்று சேசம்மாள் அக்கா வராந்தாவுக்கு ஓடினார். அடுத்த நிமிடமே கட்டடத்துக்குத் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. "நான் சொன்னம்லா! அவ பாத்ரூம்தான்!"

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு பாத்ரூம் பக்கத்திலிருந்து வரவில்லை. எதிர்ப்பக்கச் சுவரிலிருந்து, ஸ்கேல் வைத்து இழுத்தது போல் நேராக வந்தது. தண்ணீர் அப்படி நேராக நடக்காது. கூரைக்குள் வயர் போகும் குழாய் வழியாக வந்தால்தான் அப்படி வரும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், மேல் மாடியில் 304.

அண்ணாச்சியும் பார்த்துவிட்டார். ஒரு சொட்டு அவர் கன்னத்தில் விழுந்தது. விரலால் தொட்டுத் தேய்த்தார். வெள்ளையாக, பிசுபிசுவென்று இருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"கஞ்சி" என்றார்.

சஃப்ரீன் வீட்டில் குக்கர் சோறு. அதோடு அந்த நேரம் அங்கே யாரும் இல்லை. பன்னிரண்டரைக்குச் சோற்றை வடித்து, கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை மோரியில் ஊற்றுகிற வீடு எது என்று எனக்கே தெரியும். அண்ணாச்சிக்குச் சொல்ல வேண்டுமா? நாங்கள் மேலே போனபோது மைனி வடிதட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன, அதுக்குள்ள பசிச்சிட்டா?" என்றார்.

அண்ணாச்சி மோரியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கட்டிய முதல் மோரி. பழகுவதற்காகக் கட்டியது. அதில் பழகிய அதே முறையில்தான் மற்ற முப்பத்தேழையும் கட்டியிருந்தார்.

சாயங்காலம் என்னை மாடிப்படிக்குக் கூப்பிட்டார். "ஏல டிகிரி, அந்தக் கலர மாத்த முடியுமா?"

முடியும். சாம்பல் நிறத்துக்குப் போட்டு, வெப்ப அளவின் எல்லையைக் கொஞ்சம் நகர்த்தினால் மஞ்சள் கோடு சுவரோடு சுவராகிவிடும்.

"அவ பாத்ரூம்னு எழுத வேண்டாம். அது பாவம். 'தெரியல'ன்னு எழுது. பொய் இல்லேல்லா?"

"அண்ணாச்சி, தெரியலன்னு எழுதுனாலும் அவங்களத்தான் காலி பண்ணச் சொல்லுவாங்க."

"நம்ம மோரின்னு வெளிய வந்தா முப்பத்தெட்டு வீடும் ஒடைக்கணும்ல! உங்க அம்மா நின்னுக்கிட்டுக் கழுவுவாளா? அவகிட்ட நீ சொல்லுதியா, நான் சொல்லவா?"

நான் எழுதினேன். 'கசிவின் மூலம் உறுதி செய்யப்படவில்லை' என்பதை இங்கிலீஷில் நல்ல வாக்கியமாக, செயப்பாட்டு வினையில் எழுதினேன். யார் உறுதி செய்யவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் அதில் வசதி. பதினைந்து வருடம் படித்ததில் எனக்கு உருப்படியாக வந்தது இதுதானோ என்று அன்றிரவு தோன்றியது. அம்மா அடுக்களையில் உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. படத்தை மாற்றினேன். பழையதையும் அழிக்காமல் வைத்தேன். இதை நேர்மை என்று சொல்ல மாட்டேன். பயந்தவன் இரண்டு பக்கமும் ஒரு கால் வைப்பான்.

ஞாயிறு பத்து மணிக்குக் கீழ்த்தள நடையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மகேஷ்குமார் நெருளிலிருந்து வந்திருந்தார். சட்டைப் பையில் கூலிங் கிளாஸ். நான் ரிப்போர்ட்டை வாசித்தேன். எதிர்பார்த்தபடியே யாருக்கும் புரியவில்லை, எல்லோரும் தலையாட்டினார்கள்.

"கன்ஃபார்ம் இல்லன்னா என்ன, எனக்கு லஃப்டா, வம்பு எதுவும் வேணாம்" என்றார் மகேஷ்குமார். "மாசக் கடைசியோட காலி பண்ணிடட்டும். நான் உள்ள எல்லாம் புதுசாப் போட்டுக்குறேன்."

சஃப்ரீன் அவரைப் பார்க்கவில்லை. அண்ணாச்சியைப் பார்த்தார். "அண்ணாச்சி, எங்க பாத்ரூம்ல நாலு பக்கெட் சுடுதண்ணி ஊத்துனீங்களே. நான் ராத்திரி வந்து துணிய எடுக்குற வரைக்கும் தண்ணி அப்படியே நின்னுச்சு. ஒழுகுற பாத்ரூம்ல தண்ணி எப்படி நிக்கும்?"

அண்ணாச்சி தன் செருப்பைப் பார்த்தார். பிறகு எழுந்தார். எழுந்த விதத்தைப் பார்த்தால் கக்கூஸுக்குப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"சவத்த, எத்தன நாளைக்கு" என்றார். "டிகிரி, அந்தப் பழைய படத்த எடுல."

போனைக் கையில் வாங்கி, ஒவ்வொரு நாற்காலியாக நீட்டிக்கொண்டே போனார். "இந்த மஞ்சக் கோடு தெரியுதா? இது எங்க வீட்டுக் கஞ்சி. வெள்ளிக்கெழம பன்னெண்டரக்கு மாலதி வடிச்சது. அந்தப் புள்ள பாத்ரூம்ல சொட்டு ஒழுகல."

நடை சிரிப்பில் அதிர்ந்தது. "அண்ணாச்சி ஸ்கூட்டர வித்துட்டுப் பொண்டாட்டி கஞ்சியப் பிடிச்சிருக்காரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மைனி எழுந்து நின்றார். "இத்தன பேரு முன்னாலயா என் கஞ்சியக் காட்டுவீரு? வீட்டுக்கு வாரும்!"

"சிரிங்க, நல்லாச் சிரிங்க" என்றார் அண்ணாச்சி. "அதே ஜாயிண்ட், அதே சிமெண்ட், அதே கொத்தனாரு. முப்பத்தெட்டு வீட்லயும்."

சிரிப்பு நின்றது. அவரவர் கீழ்வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். "எங்க வீட்ல மோரியே இல்லையே" என்றார் செக்ரட்டரி. அவர் மனைவி குனிந்து புடவைக் கொசுவத்தைச் சரி செய்தார்.

மகேஷ்குமார் தொண்டையைச் செருமினார். "இருந்தாலும் எதுக்கும்..."

"எதுக்கும்னா?" என்று எழுந்தது சேசம்மாள் அக்கா. "எம் மண்டையில விழுந்தது அவ வீட்டுத் தண்ணி இல்லேன்னு ஆயிட்டுல்லா? சொந்தத் தங்கச்சிய எவனாவது வீட்ட விட்டு வெரட்டுவானா வே? ரெஜிஸ்டர்ல எழுதியிருக்கீரே! வாசிக்கவா?"

மகேஷ்குமார் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டார். உள்ளேதான் இருந்தார், வெயில் இல்லை. "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார். செக்ரட்டரி அவசரமாக மீட்டிங்கை முடித்தார். மோரி பற்றி மினிட்ஸில் ஒரு வரியும் ஏறவில்லை.

திங்களன்று அண்ணாச்சி தன் மோரியை உடைத்தார். மைனி ஸ்டீல் சிங்கின் முன்னால் நின்றுகொண்டு பாத்திரம் கழுவுகிறார், அவரைத் திட்டிக்கொண்டே. 203 கூரை காய்ந்துவருகிறது. மற்ற முப்பத்தேழு வீட்டிலும் அண்ணாச்சியைக் கண்டால் கதவு சாத்தப்படுகிறது, எங்கள் வீட்டிலும்தான். அம்மாவிடம் நான் இன்னும் பேசவில்லை. அண்ணாச்சிக்கு இப்போது வேலையெல்லாம் ஆண்டாப் ஹில் பக்கம். அங்கே அவரைத் தெரியாது.

போன வாரம் சஃப்ரீன் எங்கள் கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை.

"ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடு. எங்க பாத்ரூம் ஒழுகலன்னு. தேதி போட்டு."

"அதான் முடிஞ்சு போச்சே அக்கா."

"இந்த வீட்ல முடிஞ்சது. அடுத்த வீட்ல கேப்பாங்க, முன்ன எதுக்குக் காலி பண்ணுனன்னு."

எழுதினேன். இந்த முறை செயப்பாட்டு வினை இல்லை. அண்ணாச்சியிடம் கொண்டுபோனோம். அவரிடம் ரப்பர் ஸ்டாம்ப் கிடையாது. பேனாவை வாங்கி, தமிழில், பெரிதாக, 'அ.பேச்சிராஜா, வயர்மேன்' என்று கையெழுத்துப் போட்டார். சஃப்ரீன் மை காயும்வரை ஊதிவிட்டு, மகளின் பள்ளிக் காகிதங்களும் ஆதாரும் இருந்த பிளாஸ்டிக் ஃபைலில் அதை முதல் தாளாக வைத்தார்.