தலைவர் நாற்காலியை விட்டு எழுந்த அன்று

பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மரண உதவிச் சங்கத்துக்கு என் கணவர்தான் பல வருடமாகத் தலைவர். தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் பகையாக இருந்த மேல் லயத்தையும் கீழ் லயத்தையும் ஒன்றாக உட்கார வைத்தவர் அவர்.

நான் வரலாற்று ஆசிரியை. ஒரு சனிக்கிழமை பாடம் தயார் செய்துகொண்டே அவரிடம் சொன்னேன்: "அமெரிக்காவோட முதல் ஜனாதிபதி ரெண்டு தவணையோட போதும்னுட்டாருங்க. இன்னும் இருங்கன்னு எத்தனையோ பேர் கேட்டாங்க. தடுக்க அப்ப சட்டமும் இல்ல. பண்ணையைப் பார்க்கப் போயிட்டாரு."

"போர்ல ஜெயிச்ச தளபதிதானே? யாரும் துரத்தலையா?"

"இல்லைங்க, அவராத்தான் போனாரு."

அவர் சங்கக் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார்.

மறுநாள் சங்கத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் அவருக்காகவே எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவர் எழுந்தார்.

"எனக்காகத்தான் சண்டை போடாம இருக்கீங்க. நான் போன பிறகு? நான் உசிரோட இருக்கையிலேயே வேற ஆளை வச்சுப் பழகுங்க."

சொல்லிவிட்டுப் பின்வரிசைப் பாயில் போய் உட்கார்ந்தார். பிறகு மேல் லயத்துக்காரர் ஒருவர், கீழ் லயத்தில் இருக்கும் கொழுந்து பறிக்கும் செல்வியின் பெயரைச் சொன்னார். முதலில் கை தூக்கியவர் என் கணவர்.

எத்தனையோ வருடம் பரீட்சைக்காக நான் நடத்திய பாடம் அது. ஒரு மனிதர் தானாக எழுந்து விலகுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.